ஃபோர்க் ஆயிலும் ஒரு திமிங்கலமும்

போன மாதம் வீட்டு வாசலில் வைத்து என் எக்ஸ்பல்ஸ் 200-இன் முன் ஃபோர்க் ஆயிலை மாற்றினேன். இது ரெண்டாவது தடவை. முதல் தடவை மாற்றியதன் பலன், மணிக்கட்டில் மூணு வாரம் மாவுக்கட்டு. தப்பு முழுக்க என்னுடையதுதான். அது என்ன தப்பு என்று தேடப் போய்த்தான் இந்தக் குறிப்புகள் சேர்ந்தன.

முதலில் ஒரு அடிப்படைக் கேள்வி. ஃபோர்க்குக்குள் ஸ்பிரிங் இருக்கிறது. மேடு பள்ளத்தை அது வாங்கிக்கொள்ளும். அப்புறம் எண்ணெய் எதற்கு? உயவுக்கு என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது பாதி பதில்தான்.

இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் ஆங்கஸ் ஸ்காட் என்பவர் 1908-லேயே தன் டூ-ஸ்ட்ரோக் பைக்கில் குழாய்க்குள் குழாய் நகரும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை வைத்துவிட்டார். ஆனால் ஆட்டத்தை அடக்கும் ஏற்பாடு அதில் இல்லை. ஸ்பிரிங் வாங்கிய அடியை அப்படியே திருப்பித் தரும். ஒரு பள்ளத்தில் இறங்கினால் வண்டி ஊஞ்சல் மாதிரி ஆடும். அந்தக் காலத்தில் மற்ற பைக்குகளில் பெரும்பாலும் கர்டர் ஃபோர்க். அதன் ஆட்டத்தை அடக்க உராய்வுத் தட்டுகள் இருக்கும், கையால் குமிழைத் திருகி இறுக்க வேண்டும். உராய்வில் ஒரு சிக்கல் உண்டு. நின்றிருக்கும் தட்டை நகர்த்தத்தான் அதிக விசை வேண்டும். சின்ன அதிர்வுக்கு அசையாமல் கையை உலுக்கும், பெரிய அடிக்கு வழுக்கிக்கொண்டு போகும். நமக்கு வேண்டியதோ இதற்கு நேர் எதிர்.

எண்ணெய் இந்த இடத்தில்தான் வருகிறது. டென்மார்க்கின் நிம்பஸ் 1934-ல் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கோடு வந்தது. 1935-ல் பிஎம்டபிள்யூ தன் ஆர்12, ஆர்17 பைக்குகளில், எண்ணெயால் ஆட்டத்தை அடக்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கைத் தொழிற்சாலை உற்பத்திக்கே கொண்டுவந்தது. ஸ்காட்டிலிருந்து கணக்குப் பார்த்தால் 27 வருஷம். உலகப்போரின் நடுவே, 1941-ல், பிரிட்டிஷ் ராணுவத்துக்கான மேட்ச்லெஸ் ஜி3/எல் இதே வழியில் எண்ணெய் ஃபோர்க்கோடு வந்தது. போருக்குப் பின் வந்த ராயல் என்ஃபீல்டு புல்லட்டிலும் எண்ணெய் ஃபோர்க்தான். 1955-ல் அந்த வண்டி சென்னைக்கு வந்து, திருவொற்றியூரில் வேர்பிடித்த கதை நமக்குத் தெரிந்ததுதான்.

அந்த எண்ணெய் செய்யும் வேலை எளிமையானது. ஃபோர்க் அமுங்கும்போது எண்ணெய் சின்னத் துளைகள் வழியாகப் பிதுங்கிப் போக வேண்டும். அந்த எதிர்ப்பில் இயக்க ஆற்றல் வெப்பமாகிக் கரைகிறது. ஆனால் துளைக்கு ஒரு குணம் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நாலு மடங்காகும். பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் மெதுவாக அமுங்கும், எதிர்ப்புப் போதாது, மூக்கு குத்தும். கூர்மையான கல் மேல் ஏறும்போது வேகமாக அமுங்கும், எதிர்ப்பு எகிறும், கையில் அடி விழும். மெல்லிய உலோகத் தகடுகளை வால்வாக வைத்த கார்ட்ரிட்ஜ் ஃபோர்க்குகள் பிற்பாடு வந்தது இதைச் சரிசெய்யத்தான். என் வண்டி மாதிரியான பைக்குகளில் இன்றைக்கும் துளைதான். அதனால் என்ன எண்ணெய், எவ்வளவு எண்ணெய் என்பதே அங்கே பாதி விஷயம்.

என்ன எண்ணெய் ஊற்றினார்கள் என்று தேடியபோதுதான் திமிங்கலம் வந்தது. ஆரம்ப காலத்தில் இஞ்சின் ஆயிலையே ஊற்றினார்கள். 1970-களின் ஹோண்டா கையேடுகள் பலவற்றில் ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கார்களின் கியர்பாக்ஸ் எண்ணெய், போடச் சொல்லியிருக்கும். நல்ல தேர்வுதான்: மெலிது, சூட்டில் சீக்கிரம் நீர்த்துப்போகாது. ஜெனரல் மோட்டார்ஸ் 1949-ல் வகுத்த டைப் ஏ முதல் அடுத்த இருபது வருஷத்துக்கு இந்த எண்ணெயில் உராய்வைச் சீராக்க ஒரு சேர்மானம் உண்டு. அது ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய். "திமிங்கல எச்சம் பறிமுதல்" என்று நம் கடலோர மாவட்டச் செய்திகளில் அடிக்கடி வருமே, அந்த அம்பர்கிரீஸைத் தரும் அதே திமிங்கலம்.

1970-ல் அமெரிக்கா அதை அழிந்துவரும் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்ததும் எண்ணெய்க் கம்பெனிகள் மாற்றுத் தேட வேண்டியதாயிற்று. திமிங்கல எண்ணெய் இல்லாத டெக்ஸ்ரான் 2, 1973-ல் வந்தது. பாலைவனச் செடியான ஹொஹோபாவின் விதை எண்ணெய் வேதியியலில் இதற்கு ரொம்ப நெருக்கம் என்று அதன் மேல் திடீர் அக்கறை பிறந்ததும் அப்போதுதான். ஆக, 1960-களின் கடைசியில் தன் ஃபோர்க்கில் ஏடிஎஃப் ஊற்றிய ஒருவர், தெரியாமலே கொஞ்சம் திமிங்கலத்தையும் ஊற்றியிருக்கலாம். (பழைய ஃபோர்க் ஆயிலை வடிக்கும்போது வரும் மீன் நாத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இன்றைய எண்ணெயும் கெட்டால் அப்படித்தான் நாறும்.)

இப்போது என் மணிக்கட்டுக்கு வருவோம். முதல் தடவை கையேட்டில் இருந்த மில்லிலிட்டர் கணக்கை அளந்து ஊற்றிவிட்டு மூடிவிட்டேன். ஃபோர்க்கைத் தலைகீழாக வைத்து நன்றாக அமுக்கி அமுக்கி வடிக்கவில்லை. உள்ளே தங்கியிருந்த பழைய எண்ணெயும் புதுசும் சேர்ந்து மட்டம் ஏறிவிட்டது. எண்ணெய்க்கு மேலே அடைபட்டிருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. உதாரணத்துக்கு, முழுசாக அமுங்கிய நிலையில் 150 மிமீ காற்று மிச்சம் இருக்க வேண்டும் என்று வைப்போம். ஃபோர்க்கின் ஓட்டம் 190 மிமீ. அப்போது 340 மிமீ காற்று 150 ஆகச் சுருங்குகிறது, அழுத்தம் சுமார் 2.3 மடங்கு. மட்டம் 30 மிமீ ஏறிவிட்டால் 310 மிமீ 120 ஆகும், 2.6 மடங்கு. கடைசி இஞ்சுகளில் ஃபோர்க் கல் மாதிரி ஆகிவிடும். செம்மண் பாதையில் ஒரு கல்மேட்டில் ஹேண்டில் கையை உதறிவிட்டுப் போனது அப்படித்தான்.

இந்தத் தடவை ஒழுங்காகச் செய்தேன். இஞ்சினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க் கிளாம்பிலேயே இருக்கும்போது மேல்மூடியைத் தளர்த்தி, அப்புறம்தான் குழாயைக் கழற்றினேன். (மூடி கழலும்போது ஸ்பிரிங் தள்ளும், முகத்தை மேலே வைக்காதீங்க.) பழசை முழுக்க வடித்துப் புதுசை ஊற்றி, காற்றுக் குமிழ் போகும்வரை மெல்ல ஏற்றி இறக்கினேன். கடைசியில் ஸ்பிரிங் இல்லாமல், குழாய் முழுசாக அமுங்கிய நிலையில், விளிம்பிலிருந்து எண்ணெய் மட்டம் வரை ஸ்கேலால் அளந்து, அதிகமானதைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தேன். ரெண்டு காலிலும் ஒரே அளவு. இன்னொன்று: டப்பாவில் போட்டிருக்கும் 10டபிள்யூ கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் என்பதைப் பார்த்து வாங்குங்க.

வடித்த எண்ணெய் ஒரு பழைய தண்ணீர் பாட்டிலில் இருந்தது. முன்பு அதைச் சாக்கடையில்தான் கொட்டியிருந்தேன், யோசிக்கக்கூட இல்லை. எங்கள் தெருச் சாக்கடை மழை வந்தால் நேராகக் கடலுக்குத்தான் போகிறது. இந்தத் தடவை பாட்டிலை எடுத்துப் போய், கழிவு எண்ணெய் சேர்க்கும் மெக்கானிக் கடை டிரம்மில் ஊற்றிவிட்டு வந்தேன்.