மலாக்காவை விட்டுப் போன தண்டவாளம்

தண்டவாளத்தை வெட்டி அதன் முகத்தைப் பார்த்தால் கனத்த தலை, மெலிந்த இடை, அகன்ற பாதம் மூன்றும் தெரியும். கட்டடங்களில் போடும் இரும்பு உத்தரத்துக்கு நெருங்கிய உறவு இது. மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கவென்றே இந்த உருவம். பக்கவாட்டில் வளைக்கப் பார்த்தால் அதன் விறைப்பு ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடும்.

1905 இறுதியில் மலாயாவின் தம்பினிலிருந்து மலாக்கா நகரம் வரை ஏறத்தாழ 34 கிலோமீட்டருக்கு இப்படிப்பட்ட இரும்பு விரிக்கப்பட்டது. மலாயாவுக்குத் தண்டவாளம் அப்போது பெரும்பாலும் பிரிட்டிஷ் உருக்காலைகளிலிருந்தே கப்பலேறி வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான், 1896இல், டான் சே யான் என்ற தோட்ட முதலாளி புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டிருந்தார். அடுத்து புக்கிட் அசாஹானில் காடழிந்து பால்மரம் எழுந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தமிழர்கள் அந்தத் தோட்டங்களின் லயங்களை நிரப்பினார்கள். இரும்பு மேற்கிலிருந்தும் ஆட்கள் தமிழகத்தின் கிழக்குக் கடலோரத்திலிருந்துமாக வந்து சேர்ந்த இடம் மலாக்கா.

மறுபடி உத்தரத்துக்கு வருவோம். பாரம் ஏறினால் அதன் மேல்பாகம் நசுங்கும், கீழ்ப்பாகம் இழுபடும். இழுபடும் பாகம் நேராகவே நிற்கும். நசுங்கும் பாகம்தான் தப்பிக்க வழி தேடும். கீழே போக முடியாததால் பக்கவாட்டில் நழுவி, உத்தரத்தையே முறுக்கிப் புரட்டிவிடும். பள்ளிக்கூட அடிக்கோலைச் செங்குத்தாகப் பிடித்து அழுத்தினால் அது சட்டென்று பக்கவாட்டில் வளைவதும் இதனால்தான். எனவே உத்தரம் எவ்வளவு கனம் என்று மட்டும் பொறியாளர் கேட்பதில்லை. எத்தனை அடிக்கு ஒரு பிடிமானம் என்றும் கேட்பார்.

தண்டவாளத்துக்கு இரண்டடிக்கு ஒரு பிடிமானம் உண்டு, சிலிப்பர் கட்டை. அதனால் எஞ்சின் பாரத்தில் அது புரண்டுவிடாது. அதன் நிஜமான எதிரி வெயில். ஒன்பது மீட்டர் தண்டவாளம் 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் மூன்று மில்லிமீட்டர் நீளும். அந்த மூன்று மில்லிமீட்டருக்காகத்தான் இணைப்புகளில் இடைவெளி விட்டார்கள். இடைவெளி அடைத்துக்கொண்டால்? ஐயாயிரம் சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள இரும்பில் 35 டன்னுக்கு மேல் அமுக்கம் சேரும். அமுக்கம் எல்லை மீறினால் பாதை சிலிப்பரோடு பக்கவாட்டில் பிதுங்கிப் பாம்புபோல் நெளிந்துவிடும். அதைத் தடுப்பது சிலிப்பரைச் சுற்றிலும் அதன் முனைகளிலும் இறுக்கி அடுக்கிய சரளைக்கல். கல் சரிந்தால் அள்ளிப் போட வேண்டும். இணைப்புத் தகட்டின் போல்ட்டை முடுக்க வேண்டும், எழும்பிய ஆணியை அடிக்க வேண்டும். மலாயா ரயில்வேயில் இதைச் செய்த கேங்குகளில் பெரும்பாலோர் தமிழ்க் கூலிகள். நிலைய அதிகாரி, கிராணி நாற்காலிகளில் யாழ்ப்பாணத்தார் பலர். பாதையைத் திறந்துவைத்த துரைகளைப் பற்றி எழுதிய அளவுக்கு இவர்களைப் பற்றி எவரும் எழுதவில்லை. பாதை நேராக நின்றது இவர்களால்தான் என்பது என் கணிப்பு.

பிறகு இரண்டாம் உலகப் போர், ஜப்பான்காரன் காலம். பர்மாவுக்குப் படையும் தளவாடமும் அனுப்ப, 1942இல் சயாமின் (தாய்லாந்தின்) நொங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட்டுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். புதிதாக இரும்பு செய்ய நேரமில்லை, கப்பலுமில்லை. அந்தப் பாதையின் குவாய் ஆற்றுப் பாலத்துக்கு இரும்புச் சட்டங்களை ஜாவாவிலிருந்து பெயர்த்து வந்தார்கள். மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையில் பெரும்பகுதியையும் மலாக்காக் கிளைப்பாதையையும் பிடுங்கினார்கள். மலாயா, சயாம், பர்மா மூன்றிலும் ஒரு மீட்டர் அகலப் பாதை என்பதால் அப்படியே பொருந்தியது.

தண்டவாளம் தனியாகப் போகவில்லை. நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, சோறு, சில மாத வேலை என்று தோட்டங்களில் ஆள் சேர்த்தார்கள். ஆசை காட்டி ஆள் கிடைக்காதபோது வளைத்துப் பிடித்தார்கள். சரக்குப் பெட்டிகளில் சயாமின் பான் போங் வரை, அங்கிருந்து காட்டுக்குள் நடை. போருக்குப் பின் பிரிட்டிஷார் எடுத்த கணக்கில் மலாயாவிலிருந்து போனவர்கள் சுமார் 78,000 பேர், இறந்தவர்கள் கிட்டத்தட்ட 30,000 பேர். அவர்களில் பெரும்பான்மை தமிழர். இறந்தவர் தொகை இதைவிட அதிகம் என்று கருதுவோர் உண்டு. 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி முகாம் முகாமாக ஆட்களைக் கொண்டுபோனது. பெயரைக்கூடப் பதிவு செய்யாமல் புதைக்கப்பட்டவர்களே அதிகம்.

அவசரத்தில் போட்ட அந்தப் பாதையில் தண்டவாளத்துக்கு வேண்டிய பிடிமானம் இல்லை. ஈரம் காயாத மரம், மழையில் கரையும் மண்மேடு, போதாத கல். 1943 அக்டோபர் 17இல் கொன்கொய்த்தாவில் இரு முனையும் சேர்ந்தன. ஆனால் பெட்டிகள் அடிக்கடி தடம் புரண்டன. மலாக்காவில் நாற்பது வருடத்துக்குப் பக்கம் நேராகக் கிடந்த அதே ரக இரும்புதான் அங்கேயும்.

போர் முடிந்தபின் சயாம் பகுதியைத் தாய்லாந்து அரசு விலைக்கு வாங்கியது. பிடுங்கிய தண்டவாளத்துக்கும் வண்டிகளுக்கும் உரிய நாடுகளுக்கு ஈடு கட்டத்தான் அந்தப் பணம். 1958க்குள் நாம் தோக் நிலையம் வரையான சுமார் 130 கிலோமீட்டரை அவர்கள் செப்பனிட்டார்கள். அங்கே இன்றும் ரயில் ஓடுகிறது. மலாயாவின் கிழக்குக்கரைப் பாதை 1954க்குள் மறுபடி போடப்பட்டது. மலாக்காப் பாதைக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. மலாக்கா வரும் ரயில் பயணிகள் புலாவ் செபாங்கில் இறங்கிச் சாலை வழியே வருகிறார்கள். இரும்புக்கு விலை போட்டு முடிந்தது. கூலிகளுக்கான ஈட்டை அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மலேசியாவில் பல்லாண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள்.