தண்டவாளத்தின் கீழே

மார்க்கையன்கோட்டைக்கு இருப்புப்பாதை இல்லை. இவ்வூரார் ரயிலேற வேண்டுமெனின், போடிநாயக்கனூருக்கோ தேனிக்கோ செல்லுதல் வேண்டும். அங்கே நிலையத்தில் நிற்கும் மாணவர் மின்னும் தண்டவாளத்தையும் விரைந்துவரும் எஞ்சினையும் வியந்து நோக்குவர். பாதையின் அடியில் பரந்து கிடக்கும் கருங்கல் ஜல்லியை நோக்குவோர் மிகச் சிலரே. அக்கல்லின் வரலாறே இன்றைய பேச்சின் பொருளாகும்.

இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில், நீராவி எஞ்சின் தோன்றுமுன்னரே, மரப்பாதைகளின்மேல் குதிரைகள் நிலக்கரி வண்டிகளை இழுத்தன. நிலக்கரி ஏற்றவந்த வெற்றுக் கப்பல்கள், கடலிற் கவிழாதிருத்தற்பொருட்டுக் கல்லும் மணலும் சுமந்துவந்து கரையிற் கொட்டின. அவை பாதைக்கு இடப்பட்டன என்பர். கப்பலின் அடிப்பாரத்தைக் குறித்த 'பாலஸ்ட்' என்னும் சொல்லே பாதைக் கல்லுக்கும் பெயராயிற்று.

கல் ஏன் வேண்டும்? நம் பள்ளத்தாக்கின் நஞ்சை வயலை நினைமின். சேற்றில் நேரே கால் வைத்தால் புதையும். பலகையிட்டு அதன்மேல் நின்றால் புதையாது. பாரம் பரவுவதே காரணம். அகலப்பாதைச் சரக்கு வண்டியின் ஓர் அச்சு 20 டன்னுக்கு மேலும் அழுத்தும். தண்டவாளம் அதனைக் குறுக்குக்கட்டைகளுக்கும், கட்டைகள் கல்லுக்கும், கல் அகன்ற மண்ணுக்கும் பகிர்ந்தளிக்கின்றன. மழைநீர் கற்களின் இடைவெளி வழியே வடிந்துவிடுதலால் மண் இளகுவதில்லை. கோடை வெயிலில் நீள முயலும் தண்டவாளம் பக்கவாட்டில் நெளியாதவாறு கட்டைகளை இறுகப் பற்றி நிற்பதும் கல்லே.

முல்லைப் பெரியாற்றின் உருண்டைக் கூழாங்கல் இதற்கு உதவாதோ? உதவாது. வழவழப்பான கல் ஒன்றன்மேல் ஒன்று உருளும். உடைத்த கருங்கல்லோ முனைகளாற் கோத்துக்கொள்ளும். இந்திய ரயில்வேயில் ஏறத்தாழ 20 முதல் 65 மில்லிமீட்டர் அளவுள்ள கற்களே பெரிதும் இடப்பெறுகின்றன. வண்டி ஓட ஓடக் கற்கள் தேய்ந்து பொடியாகும். பொடி இடைவெளிகளை அடைத்து நீரைத் தேக்கும். ஆகவே கல்லைத் தோண்டிச் சலித்து மீண்டும் இடுதல் வேண்டும். இன்று பெரும்பாலும் இயந்திரங்கள் செய்யும் இவ்வேலையை, முற்காலத்தில் வெயிலில் நின்று மண்வெட்டியும் கடப்பாரையும் ஏந்திய தொழிலாளரே செய்தனர்.

மதுரை–போடி மீட்டர் பாதை 1928-இல் திறக்கப்பெற்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1950-களில் மீண்டும் இடப்பட்டன. அகலப்பாதையாக்கும் பொருட்டு 2010 டிசம்பர் இறுதியில் வண்டிகள் நின்றன. தண்டவாளங்களின் இடைவெளி 1,000 மில்லிமீட்டரிலிருந்து 1,676 ஆக விரிந்தமையால் கல் மெத்தையும் விரிய வேண்டியதாயிற்று. தேனிக்கு 2022 மே மாதத்திலும், போடிக்கு 2023 ஜூன் மாதத்திலும் வண்டி மீண்டும் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இப்பகுதி மாணவர் பேருந்தையே நம்பிப் பயின்றனர்.

மாணவர்களே, திறப்புவிழா நாளில் மாலை எஞ்சினுக்கு விழும். பாதையை நாள்தோறும் காப்பது அடியிற் கிடக்கும் கல்லும், அதனைச் செப்பனிட்ட கைகளுமே. வரலாறு பயில்வோர் அவற்றையும் காணுதல் வேண்டும்.