புது கார் புக் பண்ணப் போறீங்களா? டீலரிடம் எதில் பேரம் பேசலாம், எதில் முடியாது? முழு விவரம்

புது கார் வாங்க ஷோரூமுக்குள் நுழைந்ததும் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி, "டிஸ்கவுன்ட் எவ்வளவு தருவீங்க?" என்பதுதான். சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் ஒரு தொகையைச் சொல்வார். வந்தவர் இன்னும் கொஞ்சம் கேட்பார். கடைசியில் சீட் கவரும் ஃப்ளோர் மேட்டும் இலவசம் என்று பேச்சு முடியும். வீட்டுக்கு வந்ததும் நல்லா பேசி முடிச்சுட்டோம்னு ஒரு திருப்தி.

ஆனால் பணம் போகும் இடம் வேறு. கோட்டேஷன் தாளில் எக்ஸ் ஷோரூம் விலைக்குக் கீழே இன்சூரன்ஸ், ஆக்சசரீஸ், எக்ஸ்டெண்டட் வாரன்டி, ஹேண்ட்லிங் சார்ஜ் என ஏழெட்டு ஐட்டங்கள் இருக்கும். காரை விற்பதில் டீலருக்குக் கிடைக்கும் மார்ஜின் குறைவு. அதைவிட இந்த ஐட்டங்களிலும், கடன் ஏற்பாடு செய்து தருவதிலும்தான் அவர் சம்பாதிக்கிறார். அதனால் பேரமும் அங்கேதான் நடக்க வேண்டும்.

நாம் கேட்கிற மாதிரி கார் செஞ்சு தருவாங்களா?

ஜெர்மனி போன்ற நாடுகளில் சீட் துணி முதல் சக்கரம் வரை ஒவ்வொன்றாகத் தேர்வு செய்து, அதன்படி தொழிற்சாலையில் கார் செய்யச் சொல்லலாம். இந்தியாவில் சாதாரண விலைக் கார்களுக்கு அந்த வசதி கிடையாது. வேரியன்ட், இன்ஜின், கியர்பாக்ஸ், நிறம் இந்த நான்கைத்தான் தேர்வு செய்ய முடியும். "சன்ரூஃப் மட்டும் போதும், மத்ததெல்லாம் வேண்டாம்" என்றால் நடக்காது. சன்ரூஃப் எந்த வேரியன்டில் இருக்கிறதோ, அதை முழுசாக வாங்கித்தான் ஆகணும்.

நீங்கள் கேட்கும் காம்பினேஷன் டீலரின் யார்டில் இருந்தால் சில நாட்களில் டெலிவரி. இல்லையென்றால் கம்பெனிக்கு ஆர்டர் போடுவார்கள், காத்திருக்க வேண்டும். 2024 அக்டோபர் 3-ம் தேதி மஹிந்திரா தார் ராக்ஸ் புக்கிங் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்திலேயே 1.76 லட்சம் பேர் புக் செய்தார்கள். இப்படிப்பட்ட காருக்கு டிஸ்கவுன்ட் கேட்டால் சிரிப்புதான் பதில். அதே ஷோரூமில் நாலு மாதமாக வெயிலில் நிற்கும் வேறு ஒரு மாடலுக்கு அவர்களே கூப்பிட்டு விலை குறைத்துத் தருவார்கள். நிறத்தில் பிடிவாதம் இல்லாதவருக்குப் பேரத்தில் கை ஓங்கும்.

ஆர்டரில் கிடைக்காததை வெளியே செய்துகொள்ளலாமே என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. முன்னால் மாட்டும் இரும்பு பம்பர் கார்டுக்கும் தடை உண்டு.

புக்கிங் அன்னிக்கு சொன்ன விலைதானா?

பலரும் ஏமாறும் இடம் இதுதான். புக்கிங் படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், 'டெலிவரி நாளில் உள்ள விலையே பொருந்தும்' என்று இருக்கும். புக் செய்த பிறகு கம்பெனி விலையை ஏற்றினாலும், அரசு வரியை மாற்றினாலும் பில் போடும் நாளின் கணக்குதான் செல்லும்.

இது சில நேரம் வாங்குபவருக்குச் சாதகமாகவும் அமையும். 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி மாறியபோது, 4 மீட்டருக்கு உட்பட்ட, 1200 சிசி வரையிலான பெட்ரோல் கார்களுக்கும் 1500 சிசி வரையிலான டீசல் கார்களுக்கும் 28 சதவீதமும் செஸ்ஸும் போய், 18 சதவீதமானது. பெரிய கார்களுக்கு செஸ் நீங்கி 40 சதவீதம். எலெக்ட்ரிக் கார்களுக்கு அதே 5 சதவீதம். முன்பே புக் செய்து, அந்தத் தேதிக்குப் பிறகு பில் போட்டவர்களுக்குக் குறைந்த வரியே விழுந்தது.

ஆனால் மதுரைப் பக்கம் இந்த நிபந்தனை வேறு விதமாகக் கடிக்கும். ஆடியில் புது வண்டி எடுக்க மாட்டோம், மார்கழியிலும் எடுக்க மாட்டோம். ஷோரூம்கள் காற்று வாங்கும் அந்த மாதங்களில்தான் ஆஃபரும் அதிகம். "இப்ப புக் பண்ணிக்கோங்க சார், டெலிவரி ஆவணியில எடுத்துக்கலாம்" என்பார்கள். ஆஃபர் பெரும்பாலும் பில் போடும் மாதத்துக்குத்தான் பொருந்தும், புக்கிங் மாதத்துக்கு அல்ல. எனவே சொன்ன சலுகை எந்தத் தேதி வரை செல்லும் என்பதை கோட்டேஷனிலேயே எழுதி, டீலர் முத்திரையோடு வாங்கிக்கொள்ள வேண்டும்.

மார்கழி இன்னும் சிக்கல். டிசம்பர் 31-க்குள் பழைய வருட ஸ்டாக்கைத் தள்ளிவிடத் தாராளமாகக் குறைப்பார்கள். பொங்கல் கழித்து எடுக்கிறேன் என்றால் அந்த ஆஃபர் போய்விடும். கார் கம்பெனிகள் ஜனவரியில் விலை ஏற்றுவதும் வழக்கம். டிசம்பரிலேயே பில்லும் பதிவும் முடித்து, தை பிறந்ததும் வண்டியை எடுத்து நேராக பாண்டி கோவிலுக்குப் போகிறவர்களும் உண்டு. சலுகை கைக்கு வரும், சம்பிரதாயமும் கெடாது. ஆனால் ஆர்சி புத்தகத்தில் தயாரிப்பு வருடம் பழசாகவே இருக்கும். விற்கும்போது வாங்க வருபவர் அந்த ஒரு வருடத்தைக் கழித்துத்தான் விலை கேட்பார். டிசம்பர் தள்ளுபடி அந்த நஷ்டத்தை ஈடுகட்டுகிறதா என்று பார்த்து முடிவு செய்யலாம். வண்டியைப் பத்து வருடம் ஓட்டப் போகிறவருக்கு இது பெரிய விஷயம் இல்லை.

10 லட்சத்தைத் தாண்டினால் எவ்வளவு கூடும்?

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றப்பட்ட ஆயுள் வரி இப்படி: 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். இதில் பேரம் பேச முடியாது. ஆனால் எந்த வேரியன்ட் எடுப்பது என்பது நம் கையில் இருக்கிறது.

9.95 லட்சம் விலையுள்ள காருக்கு 13 சதவீதம் என்றால் வரி 1,29,350 ரூபாய். அடுத்த வேரியன்ட் 10.05 லட்சம் என்றால் 18 சதவீதத்தில் 1,80,900 ரூபாய். விலை வித்தியாசம் 10 ஆயிரம், வரி வித்தியாசம் 51,550. "இன்னும் பத்தாயிரம் போட்டா டாப் மாடல் சார்" என்று சொல்லும்போது இந்தக் கணக்கு மனதில் இருக்கணும். வரிக்கு எந்த விலையை எடுக்கிறார்கள் என்பதையும் கோட்டேஷன் போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

10 லட்சத்துக்கு மேல் போனால் டிசிஎஸ் என்று 1 சதவீதம் கூடுதலாக வசூலிப்பார்கள். இது செலவு இல்லை. உங்கள் பான் எண்ணில் வரவாகி, வருமான வரி ரிட்டர்னில் திரும்பப் பெறலாம். மேலூர், சோழவந்தான், அலங்காநல்லூர் பக்கம் விவசாய வருமானம் மட்டும் உள்ளவர்கள் ரிட்டர்ன் போடும் பழக்கம் இல்லாததால் இந்தப் பணத்தை அப்படியே விட்டுவிட வாய்ப்பு உண்டு. வரி கட்ட வேண்டியது இல்லை என்றாலும், அந்த வருடம் ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் பணம் திரும்ப வரும்.

எந்த ஐட்டத்தில் பேசலாம்?

முதலில் இன்சூரன்ஸ். புது காருக்கு மூன்று வருட தேர்ட் பார்ட்டி காப்பீடு கட்டாயம், 2018 செப்டம்பர் முதல் இந்த நடைமுறை. அந்த பிரீமியத்தை அரசு நிர்ணயிக்கிறது, எங்கே எடுத்தாலும் ஒன்றுதான். சொந்த சேதத்துக்கான காப்பீட்டிலும், ஜீரோ டெப் போன்ற ஆட்-ஆன்களிலும்தான் கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும். டீலரிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அதே ஐடிவி, அதே ஆட்-ஆன்களுடன் வெளியே ஒரு விலை வாங்கி, போனில் காட்டினாலே பல நேரம் ஷோரூம் தொகை இறங்கும். வெளியே எடுத்தால் கேஷ்லெஸ் கிடைக்காது என்று பயமுறுத்துவார்கள். அந்த சர்வீஸ் சென்டருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் இருக்கிறதா என்பதைப் பொறுத்த விஷயம் அது, விசாரித்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ் சார்ஜ். ஷோரூம் வரை காரைக் கொண்டுவரும் செலவு எக்ஸ் ஷோரூம் விலையிலேயே அடங்கியது. தனியாகப் போட்டிருந்தால் எதற்கு என்று எழுத்தில் விளக்கம் கேளுங்கள், பெரும்பாலும் அந்த ஐட்டம் காணாமல் போகும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டும் வண்டி விலையிலேயே சேர்ந்தது.

கடன் விஷயத்தில் மாதத் தவணையைப் பார்த்து மயங்க வேண்டாம். 7 வருடம் என்றால் தவணை குறையும், வட்டி கூடும். உங்கள் சம்பளக் கணக்கு உள்ள வங்கியில் ஒரு வட்டி விகிதம் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு ஷோரூமில் பேசுங்கள். அட்வான்ஸோ மீதியோ, டீலர் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும். எக்ஸிகியூட்டிவ் நம்பருக்கு ஜிபே பண்ணச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஒரே வாகனத்துக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதும் சட்டப்படி கூடாது.

டிஸ்கவுன்ட் கொடுக்க டீலருக்கே கட்டுப்பாடா?

"இதுக்கு மேல குறைச்சா கம்பெனி எங்களைப் பிடிக்கும் சார்" என்று சொல்வது எப்போதும் சாக்கு அல்ல. இதே விவகாரத்தில் 2021 ஆகஸ்ட் 23-ம் தேதி மாருதி சுசுகி நிறுவனத்துக்கு இந்தியப் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2017-ல் டீலர் ஒருவரின் பெயரில்லாத இமெயிலில் தொடங்கிய விசாரணை அது. கம்பெனி அனுமதித்ததற்கு மேல் தள்ளுபடியோ இலவசப் பொருளோ கொடுக்கக்கூடாது, வாடிக்கையாளர் போல ஆட்களை அனுப்பிச் சோதிப்பது, மாட்டினால் டீலருக்கும் சேல்ஸ் ஊழியருக்கும் அபராதம் என்ற ஏற்பாடு இருந்ததாக ஆணையம் சொன்னது. மாருதி மேல்முறையீடு செய்தது, தேசிய கம்பெனி சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்துக்குத் தடை விதித்தது.

எனவே "மொத்தமா எவ்வளவு?" என்று கேட்பதைவிட, கம்பெனி தரும் சலுகைகளைத் தனித்தனியாகக் கேட்பது பலன் தரும். எக்ஸ்சேஞ்ச் போனஸ், அரசு ஊழியர், ஆசிரியர், வங்கி ஊழியர்களுக்கான கார்ப்பரேட் ஆஃபர், பழைய வாடிக்கையாளர் சலுகை என்று இருக்கும். கேட்காதவருக்கு அவர்களாக நினைவுபடுத்த மாட்டார்கள்.

மதுரையில் ஒரு ஷோரூமோடு நிறுத்தாமல் திண்டுக்கல், விருதுநகர் டீலர்களிடமும் கோட்டேஷன் வாங்கலாம். ஒரே மாநிலம் என்பதால் சாலை வரி விகிதம் மாறாது. டிஎன் 58, 59, 64 என மதுரைப் பதிவு எண் உங்கள் முகவரியைப் பொறுத்தே அமையும். ஒப்பிடும்போது கடைசி ஆன்ரோடு தொகையை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு ஐட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முழுப் பணம் கட்டும் முன்

உங்களுக்கு ஒதுக்கிய காரின் விஐஎன் எண்ணை எழுத்தில் வாங்குங்கள். 17 இலக்கம் கொண்ட அந்த எண்ணிலேயே தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். எந்த இடத்தில் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஷோரூமில் காட்டச் சொல்லலாம். பிறகு பதிவுக்கு அனுப்பும் முன்பே யார்டுக்குப் போய் அதே எண் உள்ள காரைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பெயின்ட் திட்டுத் திட்டாக இருக்கிறதா, டயர் தயாரிப்பு வாரம் என்ன, ஓடோமீட்டர் எவ்வளவு காட்டுகிறது, ஏசி, பவர் விண்டோ வேலை செய்கிறதா என்று பார்த்தால் போதும். உங்கள் பெயரில் பதிவான பிறகு "இந்த வண்டி வேண்டாம், மாத்திக் கொடுங்க" என்றால் கேட்க ஆள் இருக்காது.

பிரச்சினை வந்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 50 லட்சம் வரை செலுத்திய பொருள்களுக்கான வழக்கை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு மனுக் கட்டணம் 200 ரூபாய், 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய். காரை விருதுநகரில் வாங்கியிருந்தாலும், குடியிருப்பது மதுரை என்றால் மதுரையிலேயே மனு கொடுக்கலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். முத்திரை போட்ட கோட்டேஷன், புக்கிங் ரசீது, எக்ஸிகியூட்டிவ் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ்கள் எல்லாம் அங்கே ஆதாரமாகக் காட்ட உதவும்.