பெயரை மாற்றாத குழு



நினைவுச் சொற்பொழிவில் ஒரு ராக் இசைக்குழுவைப் பற்றியா பேசுவது என்று சிலர் கேட்கலாம். அந்தக் குழுவின் பெயர் ‘டெத்’. சாவு என்று பொருள். சாவுக்கு அடிக்கிறவர்கள் என்றே ஊரால் சுட்டப்பட்ட நம்மைவிட அந்தப் பெயரின் கனம் யாருக்குத் தெரியும்?

டேவிட், பாபி, டேனிஸ் ஹாக்னி என்னும் மூன்று கறுப்பினச் சகோதரர்கள் டெட்ராய்ட் நகரில் நடத்திய குழு அது. 1967இல் கறுப்பின மக்களின் பெரும் கிளர்ச்சியைக் கண்ட நகரம். மோட்டவுன் இசை நிறுவனம் பிறந்த நகரம். கறுப்பர் என்றால் சோல், ஃபங்க் வாசிக்க வேண்டும், ராக் வெள்ளையருக்குரியது என்பது அன்றைய இசைச் சந்தையின் விதி. ராக் இசையின் வேர் கறுப்பரின் புளூஸில் இருப்பதை அந்தச் சந்தை வசதியாக மறந்திருந்தது. பிறப்பையும் தொழிலையும் முடிச்சுப்போடும் சாதியை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தந்தையை விபத்தில் இழந்த பிறகு டேவிட் அந்தப் பெயரை வைத்தார். சாவு அஞ்சத்தக்கதல்ல என்பது அவர் எண்ணம். 1975இல் ஏழு பாடல்கள் பதிவாயின. பெயரை மாற்றினால் ஒப்பந்தம் என்று இசைத்துறைப் பெரும்புள்ளி கிளைவ் டேவிஸ் சொன்னதாகவும், டேவிட் மறுத்ததாகவும் சகோதரர்கள் கூறுகிறார்கள். 1976இல் இரண்டு பாடல்களை மட்டும் தாங்களே 500 இசைத்தட்டுகளாக வெளியிட்டார்கள். கேட்பாரில்லை. ஒலிநாடாக்களைப் பத்திரப்படுத்தும்படி பாபியிடம் ஒப்படைத்த டேவிட், 2000இல் புற்றுநோயால் இறந்தார். அந்த ஏழு பாடல்களும் முதல் தொகுப்பாக வெளிவந்தது 2009இல். 34 ஆண்டுகள்!

யார் பாடியது என்று தெரியாமல்தான் நாங்கள் முதலில் கேட்டோம். வெள்ளைக்காரப் பையன்கள் என்றே நினைத்தோம். உண்மை தெரிந்தபோது வெட்கப்பட்டோம். சந்தையின் விதி எங்கள் காதுக்குள்ளும் இருந்திருக்கிறது. அரை மணி நேரம்கூட ஓடாத தொகுப்பு. அதன் வேகத்தையும் கோபத்தையும் கேட்டுக் கேட்டு மாளவில்லை. பங்க் இசையின் தொடக்கமாகக் கொண்டாடப்படும் ராமோன்ஸ் குழுவின் முதல் தொகுப்பு 1976இல்தான் வந்தது. வரலாற்றில் முதலில் வந்தவர் யார் என்பதும் யார் கணக்கு எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

பெயர் குறித்த இந்தப் போராட்டம் நமக்குப் புதிதல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதரோ அந்தப் பெயரையே மறுத்து, நம்மைப் பூர்வ பௌத்தர் என்றார். ஒருவர் பெயரைத் தூக்கிப் பிடித்தார். மற்றவர் தூக்கி எறிந்தார். பறையை விடுவதா, கலையாக ஏந்துவதா என்ற விவாதமும் இவ்வாறே நம்மிடம் நடந்தது. எந்தப் பக்கம் நின்றாலும், நம் பெயரை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாமே என்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை. டேவிட் ஹாக்னி செய்ததும் அதுதான்.

ஆனால் அவர் தன் வெற்றியைப் பார்க்கவில்லை. அதைக் காவியமாக்கி நாம் மகிழக்கூடாது. அந்த இசை பிழைத்தது நியாயம் தானே வெல்லும் என்பதால் அல்ல. ஒரு தம்பி நாடாக்களை வீட்டுப் பரணில் காத்ததால். 1914இல் மறைந்த பண்டிதரின் ‘தமிழன்’ எழுத்துகள் 1999இல் ஞான. அலாய்சியஸால் தொகுக்கப்பட்டதும், அன்பு பொன்னோவியம் போன்றோர் அந்த இதழ்களைக் காத்து வைத்திருந்ததால்தான்.

இன்று நாம் நினைவுகூரும் தோழரின் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பெட்டி கேசட்டுகளை இறக்கினோம். 1990களின் தலித் கலை விழாக்களில் அவர் பதிவு செய்த பறை ஆட்டங்கள், பாடல்கள். பாதிக்குமேல் பூஞ்சை பிடித்துவிட்டன. வாசித்தவர்கள் பலரின் பெயர்கள் உறைமீது இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படியொரு பெட்டி இருக்கலாம். இந்த மழைக்காலத்துக்கு முன் அதை இறக்குங்கள். வாசித்தவரின் பெயரை அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.