எலியின் எச்சிலில் கிடைத்தது

"மேடம், குப்பி காலியா வந்திருக்கு. திருப்பி அனுப்பிடலாமா?"

புதிதாகச் சேர்ந்த பையன். மூடியில் கை வைக்காதே என்று கத்திவிட்டேன். உறையவைத்து உலர்த்திய 100 மைக்ரோகிராம் புரதம் எளிதில் கண்ணுக்கு அகப்படாது. மூடியின் உட்புறத்தில்கூட ஒட்டியிருக்கும். சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று விட்டு அடியில் இறக்கிய பிறகுதான் திறக்க வேண்டும். (இதைக் கற்றுக்கொள்ள நான் ஒரு குப்பியைப் பலி கொடுத்திருக்கிறேன். அவனிடம் சொல்லவில்லை.) செல் வளர்க்கும் திரவத்தில் மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் சேர்த்தால், அந்தக் காலிக் குப்பி 10 லிட்டருக்கு வரும்.

உள்ளே இருப்பது மனித ஈஜிஎஃப். மேல்தோல் வளர்ச்சிக் காரணி என்று பாடப்புத்தகம் சொல்லும். லேபில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. கூடவே வரும் தாளில் 95 சதவீதத்துக்கு மேல் தூய்மை என்று போட்டிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரும். இந்தப் புரதம் வெளியே தெரிந்ததே கலப்படமாகத்தான்.

1950களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ரீட்டா லெவி-மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் தேடியது வேறொன்றை: நரம்பை வளரவைக்கும் பொருளை. எலியின் புற்றுக்கட்டியில் அது இருந்தது. நியூக்ளிக் அமிலமும் அதன் பங்கா என்று பார்க்க, அதைச் சிதைக்கும் நொதிக்காகக் கொஞ்சம் பாம்பு விஷத்தை விட்டார்கள். நரம்பிழைகள் முன்னைவிடத் தாறுமாறாகக் கிளைத்தன. கட்டியைவிட விஷத்தில் அந்தப் பொருள் பல மடங்கு! பாம்புக்கு விஷப்பை என்றால் எலிக்கு உமிழ்நீர்ச் சுரப்பிதானே என்று கோஹன் கணக்குப் போட்டார். ஆண் எலியின் சுரப்பியில் அது கொட்டிக் கிடந்தது.

அந்தச் சுரப்பியின் சாற்றைப் புதிதாகப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசி போட்டார்கள். இரண்டு வாரம் வாக்கில் கண் திறக்க வேண்டிய குட்டிகள் ஒரு வாரத்திலேயே விழித்துக்கொண்டன. பல்லும் முந்திக்கொண்டது. சுத்தமான நரம்புக் காரணியைப் போட்டால் இது நடக்கவில்லை. ஆக, சாற்றில் வேறெதுவோ ஒளிந்திருக்கிறது. நமக்கு நரம்புதானே வேலை, இந்த அழுக்கு எதற்கு என்று வடிகட்டிவிட்டுப் போயிருக்கலாம், நானாயிருந்தால் போயிருப்பேன். கோஹன் 1959இல் நாஷ்வில்லின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்கு மாறியபோதும் அந்த அழுக்கை விடவில்லை. எந்தப் பகுதியில் சரக்கு இருக்கிறது என்று காட்டும் அளவுகோல் எலிக்குட்டியின் இமை ஒன்றுதான். 1962இல் தனியே பிரித்துவிட்டார். 53 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். மேல்தோல் வேகமாகத் தடித்து முதிர்ந்ததால்தான் இமை சீக்கிரம் பிரிந்திருக்கிறது.

மனிதருடையது 1975இல் சிறுநீரிலிருந்து கிடைத்தது. குடம் குடமாகச் சேகரித்தாலும் தேறுவது சொற்பம். 1980களில் மனித மரபணுவை ஈ.கோலி பாக்டீரியாவுக்குள் வைத்துப் புரதத்தைச் செய்யவைத்தார்கள். எலியும் வேண்டாம், குடமும் வேண்டாம் என்றாயிற்று. 1986இல் ரீட்டாவுக்கும் கோஹனுக்கும் நோபல்.

சென்ட்ரிஃபியூஜ் நின்றது. பையன் குப்பியை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான். அடியில் முகப்பவுடர் தட்டினாற்போல ஒரு வெண்மை.

"இவ்வளவுதானா மேடம்?"

"இவ்வளவுதான். ஐஸ் கொண்டு வா."