ஆறு வயதுச் சிறுமியும் நான்கு காவலர்களும்

1960ஆம் ஆண்டு, நவம்பர் 14. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸ் நகரம். வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப் பள்ளியின் வாயிலிலே கார் ஒன்று வந்து நிற்கிறது. இறங்குகிறாள் ஆறு வயதுச் சிறுமி, ரூபி பிரிட்ஜஸ். அவளைச் சூழ்ந்து மத்திய அரசின் காவலர்கள் நால்வர். எதிரே வெறிக் கூச்சலிடும் வெள்ளையர் கூட்டம். கள்வனையா அழைத்து வந்தனர்? கொலைகாரனையா? இல்லை தோழர்களே, எழுத்தறிய வந்த குழந்தையை! அவள்மீது சுமத்தப்பட்ட குற்றம், கறுத்த தோலுடன் பிறந்தது!

கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியிலே ஒதுக்குவது சட்டத்துக்கு முரண் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது 1954 மே 17இல். தீர்ப்பு ஏட்டிலே ஏறிற்று. நாட்டிலே இறங்க ஆறாண்டுகள் பிடித்தன. லூசியானா சட்டமன்றமோ தடைமேல் தடை விதித்தது. ஒவ்வொன்றையும் நீதிமன்றம் தகர்த்த பின்னரே கதவு திறந்தது. அதே நாளில், அந்நகரின் மற்றொரு பள்ளியில் கறுப்பினச் சிறுமியர் மூவர் நுழைந்தனர்.

கதவு திறந்ததும் சமத்துவம் மலர்ந்துவிட்டதா? வெள்ளைப் பெற்றோர் தம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து இழுத்துச் சென்றனர். ரூபிக்குப் பாடம் சொல்ல ஆசிரியர்கள் மறுத்தனர். முன்வந்தவர் பாஸ்டன் நகரிலிருந்து வந்த பார்பரா ஹென்றி என்ற அம்மையார் ஒருவரே. ஓர் அறை, ஓர் ஆசிரியை, ஒரே மாணவி! ஆண்டு முழுதும் இப்படியே நடந்தது வகுப்பு. நஞ்சிட்டுவிடுவோம் என்ற மிரட்டலால் வீட்டு உணவையன்றி வேறெதையும் அவள் உண்ணலாகாது. கொரியப் போரிலே அந்நாட்டுக்காகப் பணிபுரிந்த அவள் தந்தையோ வேலையை இழந்தார். ஆயினும் தாய் லூசில் தளரவில்லை, மகள் பின்வாங்கவில்லை.

பள்ளியிலே எஞ்சியிருந்த வெள்ளைப் பிள்ளைகள் சிலரை வேறோர் அறையிலே மறைவாக வைத்திருந்தனர். அவர்களையும் ரூபியையும் ஒன்றாக அமர்த்த வேண்டுமென வாதாடினார் ஹென்றி அம்மையார். ஒருவழியாக அவர்களைச் சந்தித்தபோது, ஒரு சிறுவன் சொன்னானாம்: உன்னோடு விளையாடக்கூடாதென்று என் அம்மா சொல்லியிருக்கிறாள் என்று. வாயிலில் எழுந்த கூச்சலின் பொருள் அன்றுதான் தனக்கு விளங்கிற்று என்று பின்னாளில் ரூபி நினைவுகூர்ந்தார்.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அந்தச் சிறுவன் வெறுப்போடு பிறந்தவனல்லன். வெறுப்பு அவனுக்குப் போதிக்கப்பட்டது. போதிக்கப்பட்டதெனில் அது இயற்கையன்று, விதியுமன்று, மாற்றிப் போதிக்கக்கூடியதே! அதற்கேற்ற இடம் தொடக்கப் பள்ளியைவிட வேறெது? ஒரே பலகையில் அமர்ந்து, ஒன்றாக உண்டு, ஒன்றாக ஆடிய பிள்ளைக்கு உயர்வு தாழ்வு பேசும் உரை எப்படி ஏறும்? இதை உணர்ந்ததால்தான் ஆதிக்கக்காரர்கள் ஓர் ஆறு வயதுச் சிறுமியைக் கண்டு அவ்வளவு அஞ்சினர்.

அடுத்த ஆண்டு பள்ளி திறந்தபோது காவலர்கள் இல்லை, கூச்சலும் இல்லை. ரூபியின் வகுப்பிலே வெள்ளைப் பிள்ளைகளும் அமர்ந்திருந்தனர். ஆனால் ஹென்றி அம்மையார் அங்கே இல்லை. அவரைப் பள்ளி மீண்டும் பணிக்கு அழைக்கவில்லை.

சட்டம் வாயிலைத் திறக்கும். உள்ளே இடம் தர மனிதர் வேண்டும். பள்ளியில் பிள்ளை சேர்ந்துவிட்டது என்று கணக்கெழுதி மகிழ்வோரை நாம் கேட்போம்: சேர்ந்த பிள்ளை யாருடன் அமர்ந்திருக்கிறது?