சுவடிச்சாலையிற் கண்ட நம் முன்னோர் செய்தி

நம் மரபின் தொன்மைக்கு மெக்கன்ஸி சுவடிகளே சான்று என்று நம் அன்பர் பலர் மேடைகளிற் பேசக் கேட்டிருக்கின்றோம். ஆயின், அச்சுவடிகளைக் கண்ணாரக் கண்டவர் நம்முள் எத்துணைப் பேர்? இவ்வினா எம்மை உறுத்தியது. ஆதலின், சேப்பாக்கத்துச் சென்னைப் பல்கலைக்கழக நூலகக் கட்டடத்தில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருந்த காலத்தே, யாம் அங்குச் சென்று சில நாள் தங்கிப் படித்தோம்.

காலின் மெக்கன்ஸி துரை ஸ்காத்லாந்து தேசத்தவர். 1783-ஆம் ஆண்டிற் சென்னைக்கு வந்து, கும்பினிப் பட்டாளத்தில் என்ஜினீயராக அமர்ந்தார். 1815-இல் இந்தியா முழுமைக்கும் முதல் சர்வேயர் ஜெனரலாயினார். நம் நாட்டு மொழிகளை அவர் அறியார். அக்குறையைத் தீர்த்தவர் காவலி வேங்கட போரய்யாவும், 1803-இல் அவர் காலமான பின்னர் அவர்தம் தம்பி இலட்சுமய்யாவும், பிற உதவியாளருமே. இவர்கள் ஊர் ஊராகச் சென்று, கணக்கரையும் கோயிலாரையும் முதியோரையும் வினவி எழுதிய வரலாறுகளே கைபீது எனப்படுவன. 1821-இல் துரை இறந்த பின்னர், கும்பினியார் இத்தொகுதியைப் பதினாயிரம் பவுனுக்கு வாங்கினர். 1828-இல் வில்ஸன் என்பார் கல்கத்தாவில் இதற்கு அட்டவணை அச்சிட்டார். பின்னர் ஒரு பகுதி இலண்டனையும் மற்றொரு பகுதி சென்னையையும் சேர்ந்தன.

அட்டவணையில் எண் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்துக் காத்திருந்தோம். கட்டு வந்தது. நம்மவர் ஒரு மன்னனிடம் மானியம் பெற்றதும், திருவிழாவில் முதல் மரியாதைக்கு உரியராயிருந்ததும் அதிற் கண்டு உள்ளம் பூரித்தோம். அம்மகிழ்ச்சி நெடுநேரம் நிலைக்கவில்லை. சில ஏடுகள் தள்ளி, அண்டை வகுப்பார் கூறியதும் எழுதப்பட்டிருந்தது. அவர்களும் அதே மன்னனையும், அதே மானியத்தையும், அதே மரியாதையையும் தமவென்றே கூறியிருந்தனர்!

ஊர் திரும்பியதும் நண்பர் ஒருவர், "நமக்கு வேண்டிய பகுதியை மட்டும் பத்திரிகையில் வெளியிட்டால் போதுமே" என்றார். யாம் இணங்கவில்லை. வினாவியவர் முன் ஒவ்வொருவரும் தத்தம் பெருமையையே கூறினர். எழுத வந்தவர் கேட்டவாறே எழுதினர். ஆகவே, அக்கைபீதுகள் ஆயிரம் ஆண்டுகட்கு முன் நடந்ததற்கு நேர்ச்சான்று ஆகா. எழுதப்பட்ட அந்நாளில் நம் முன்னோர் தம்மைப்பற்றி யாது நம்பினர், எதன்பொருட்டு வழக்காடினர் என்பதற்கே அவை சான்றாம். அதுவும் அரிய செய்தியன்றோ? மானியச் செய்தியைக் கல்வெட்டோ செப்பேடோ உறுதிப்படுத்தினாலன்றி அதனை மெய்யென்று கொள்ளுதல் தகாது. பாதியை மறைத்து அச்சிட்டால், நாளை மறுபாதியைப் பிறர் அச்சிடுவர். அப்பொழுது நம் மெய்யான பெருமையையும் உலகம் நம்பாது.

நம் இளைஞர்க்கு ஒன்று கூறுவோம். தமிழ், மலையாளச் சுவடிகளின் சுருக்கத்தைப் பேராசிரியர் மகாலிங்கம் தொகுக்க, சென்னைப் பல்கலைக்கழகம் 1972-இல் வெளியிட்டுள்ளது. அதனை முதலிற் படித்துச் செல்க. சுருக்கத்தோடு நில்லாது மூலத்தையும் காண்க. ஏடு ஒடியாமல் மெல்லப் புரட்டுக. மையெழுதுகோலைத் தவிர்த்துப் பென்சிலால் எழுதுக. சுவடி எண்ணைத் தவறாது குறிக்க. நமக்கு உகந்ததையும் உகவாததையும் ஒருங்கே படியெடுக்க. வீட்டுப் பரணிற் கிடக்கும் பழைய ஏடுகளையும் செல்லுக்கு இரையாக்காது காப்பீராக.

முன்னோரைப் போற்றுதல் நம் கடன். அவர் பெயரால் பொய்யுரையாமை அதனினும் பெரிய கடன்.